டேக்-ஆஃப் ஆனதும் ஃபிளாப்பை மடக்க ஏன் அவசரப்படக் கூடாது? சின்ன விமானம் மேலேறும்போது இறக்கையில் என்ன நடக்கிறது?

2025 ஜூன் 12. அகமதாபாத்தில் ஏர் இந்தியா போயிங் 787 விமானம் கிளம்பிய சில நொடிகளில் தாழ்ந்து, மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்த அந்த செல்போன் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. விமானத்தில் இருந்த 241 பேரும், தரையில் இருந்த 19 பேருமாக 260 உயிர்கள் போயின. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே வாட்ஸ்அப்பிலும் டிவி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்துவிட்டது: ஃபிளாப். "ஃபிளாப் போடாம கிளம்பிட்டாங்க", "இல்லை, சக்கரத்தை மடக்கறதுக்கு பதிலா ஃபிளாப்பை மடக்கிட்டாங்க" என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு.

ஒரு மாதம் கழித்து விமான விபத்து புலனாய்வு அமைப்பின் முதற்கட்ட அறிக்கை வந்தது. ஃபிளாப் கைப்பிடி 5 டிகிரி நிலையில், அதாவது வழக்கமான டேக்-ஆஃப் நிலையில்தான் இருந்தது என்று அதில் தெளிவாகவே இருந்தது. கருப்புப் பெட்டித் தகவலும் அதையே சொன்னது. இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக 'கட்-ஆஃப்' நிலைக்குப் போனதுதான் அறிக்கையின் மையம். ஃபிளாப் மீது விழுந்த பழி அதோடு நீங்கியது.

ஆனால் சந்தேகப்பட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஃபிளாப் விஷயத்தில் செய்த தவறால் கிளம்பிய வேகத்திலேயே விழுந்த விமானங்கள் வரலாற்றில் நிறைய உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 787 சரியான உதாரணம் இல்லை. அதில் பாதி வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நான்கு பேர் உட்காரும் ஒரு சின்ன செஸ்னாவை எடுத்துக்கொண்டால் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

செஸ்னா என்றதும் இங்கே பலருக்கு ஞாபகம் வருவது 2025 நவம்பர் 13-ஆக இருக்கும். சேலத்திலிருந்து வந்த ஒரு பயிற்சி விமானம், தொழில்நுட்பக் கோளாறால் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்தில் அம்மாசத்திரம் என்ற இடத்தில் திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய் சத்தம் டெல்டாக்காரர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் நடு ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விமானம் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அந்தச் சம்பவத்துக்கும் ஃபிளாப்புக்கும் கோளாறு என்ற வகையில் தொடர்பு கிடையாது. ஆனாலும் இப்படி அவசரமாக இறங்கும்போது உயிரைக் காப்பாற்றுவதில் ஃபிளாப்புக்குப் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

பஸ் ஜன்னலில் ஒரு பாடம்

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாக திருக்கடையூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையை வெளியே நீட்டாதீர்கள் என்று பஸ்ஸிலேயே எழுதியிருக்கும். சின்ன வயதில் நீட்டாதவர் யார்? உள்ளங்கையைத் தரையைப் பார்த்தபடி தட்டையாக வைத்தால் காற்று மேலேயும் கீழேயும் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது விரல்களை மட்டும் லேசாகக் கீழே வளைத்து, கையைக் குடை மாதிரி குவித்துப் பாருங்கள். கை சட்டென்று மேலே தூக்கும். அதே நேரம் பின்பக்கமாகவும் இழுக்கும்.

ஃபிளாப் என்பது அந்த வளைந்த விரல்கள்தான். இறக்கையின் பின் விளிம்பில், விமானத்தின் உடலை ஒட்டி இருக்கும் பலகை. அதைக் கீழே இறக்கினால் இறக்கையின் வளைவு கூடும். குறைந்த வேகத்திலேயே விமானத்தைத் தாங்கும் அளவுக்கு மேல்நோக்கு விசை கிடைக்கும். ஆனால் அது சும்மா கிடைப்பதில்லை, காற்றின் இழுவையும் கூடும். கை தூக்கியது, பின்னாலும் இழுத்தது இல்லையா, அதேதான்.

பெரிய விமானத்தில் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கி, அப்பா அம்மாவின் மணிவிழாவுக்கு திருக்கடையூர் வரும் பிள்ளைகள் இறக்கை ஓரத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்த்திருப்பார்கள். தரையிறங்கும் முன் இறக்கையின் பின்பகுதி பாய் விரித்த மாதிரி நீளும், வளையும். கிளம்பும்போது கொஞ்சமாக நீண்டிருக்கும், மேலே போகப் போக உள்ளே போய்விடும்.

கொஞ்சம் போட்டால் உதவி, நிறையப் போட்டால் சுமை

செஸ்னா 172-ன் 'எஸ்' ரகத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கக் கூடிய விமானம், 180 குதிரைசக்தி இன்ஜின். இதில் ஃபிளாப்பை 10, 20, 30 டிகிரி என்று மூன்று படிகளில் இறக்கலாம். டேக்-ஆஃபுக்கு அனுமதி 0 முதல் 10 வரை மட்டும். அதற்கு மேல் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது என்று விமானக் கையேடு சொல்கிறது.

10 டிகிரி போட்டால் என்ன லாபம்? தரையில் ஓடும் தூரமும், ஓடி எழும்பி 50 அடித் தடையைத் தாண்டும் மொத்தத் தூரமும் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். 50 அடித் தடை என்பது கையேட்டுக் கணக்கு. நம்மூர் பாஷையில் சொன்னால், ஓடுபாதை முடிவில் நிற்கும் ஒரு தென்னைமரம். 500 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 450 மீட்டர் போதும். சேற்று நிலத்திலோ புல்தரையிலோ கிளம்பும்போது இந்த லாபம் இன்னும் முக்கியம். சக்கரத்தைச் சேறு பிடித்துக்கொள்வதால், எவ்வளவு சீக்கிரம் எடையை இறக்கை வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஃபிளாப் போட்டால் விமானம் வேகமாக மேலேறும் என்று நினைக்கிறார்கள். கிடையாது. ஃபிளாப் தரையிலிருந்து சீக்கிரம் பிரிக்கும், அதற்குப் பிறகு ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஏனென்றால் மேலே ஏறுவதற்கு இறக்கையின் தூக்கும் விசை மட்டும் போதாது. நேராகப் பறக்கத் தேவையானதைவிட இன்ஜினிடம் எவ்வளவு மிச்ச சக்தி இருக்கிறதோ, அதுதான் உயரமாக மாறும். ஃபிளாப்பின் இழுவை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். பஸ்ஸில் முதல் கியர் மாதிரி என்று சொல்லலாம்: நின்ற இடத்திலிருந்து கிளப்ப அது வேண்டும், அதிலேயே மாயவரம் வரை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

அதனால்தான் கையேட்டில் இரண்டு வெவ்வேறு வேகங்கள் இருக்கின்றன. குறுகிய ஓடுபாதையிலிருந்து 10 டிகிரி ஃபிளாப்போடு கிளம்பினால், தென்னைமரத்தைத் தாண்டும் வரை 56 நாட், அதாவது மணிக்கு 104 கிலோமீட்டர் வேகம். மரம் பின்னால் போனதும் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, 60 நாட்டைத் தாண்டிய பிறகு, ஃபிளாப்பை மெதுவாக மடக்க வேண்டும். பிறகு 74 நாட், சுமார் 137 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால்தான் நிமிடத்துக்கு அதிகபட்ச உயரம் கிடைக்கும்.

எட்டு நாட் இடைவெளி

'60-ஐத் தாண்டிய பிறகு', 'மெதுவாக'. இந்த இரண்டு வார்த்தைகளில்தான் உயிர் இருக்கிறது.

இதே செஸ்னாவில் ஃபிளாப் முழுக்க இறக்கியிருக்கும்போது, வேகமானி 40 நாட் காட்டும் வரைக்கும் இறக்கை தாங்கும். அதற்குக் கீழே போனால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து, தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிற்பது இறக்கையின் வேலை. ஃபிளாப் இல்லாமல் இந்த எல்லை 48 நாட். ஆக 40-க்கும் 48-க்கும் நடுவில் ஒரு எட்டு நாட் இடைவெளி இருக்கிறது. அந்த வேகத்தில் விமானம் பறந்துகொண்டிருந்தால், அதைத் தாங்கிப் பிடித்திருப்பது ஃபிளாப்தான். அந்த நேரத்தில் கைப்பிடியை மேலே தள்ளினால்? ஏணியில் நிற்பவனின் காலடிப் படியை உருவின கதைதான்.

வேகம் 48-க்கு மேலே இருந்தாலும் ஆபத்து முழுசாகப் போய்விடாது. ஃபிளாப் மடங்கும்போது வளைவு குறைவதால் விமானம் கொஞ்சம் அமுங்கும். அமுங்குவதைப் பார்த்ததும் பயிற்சி மாணவரின் கை தானாகவே கன்ட்ரோலைப் பின்னால் இழுக்கும். மூக்கு உயரும், வேகம் இன்னும் குறையும், ஸ்டால் இன்னும் பக்கத்தில் வரும். உயரம் 3,000 அடி என்றால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளலாம். 150 அடியில் அதற்கு இடம் எங்கே?

புதிதாக ஓட்டுகிறவர்களை இன்னொன்றும் ஏமாற்றும். தரையை ஒட்டி, ஏறக்குறைய இறக்கையின் மொத்த நீளத்துக்குச் சமமான உயரம் வரைக்கும், விமானத்துக்கு இழுவை குறைவாக இருக்கும். செஸ்னாவுக்கு அது சுமார் 11 மீட்டர். தரையே ஒரு மெத்தை மாதிரி தாங்கும். அந்த உயரத்தில் குறைந்த வேகத்திலேயே நன்றாகப் பறக்கிற மாதிரி தோன்றும். அதை நம்பி மூக்கை நிமிர்த்தினால், மெத்தையைத் தாண்டியதும் ஏற மறுக்கும்.

இறங்கப் போய், மறுபடி ஏறும்போது

உண்மையில் டேக்-ஆஃபை விடச் சிக்கலானது இதுதான். விமானம் இறங்க வருகிறது, ஃபிளாப் முழு 30 டிகிரி. ஓடுபாதையில் நாய் ஒன்று குறுக்கே வருகிறது, இல்லை காற்று தள்ளிவிட்டது. 'கோ-அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலேறு. மாணவர் த்ராட்டிலை முழுசாகத் தள்ளுகிறார். இறங்குவதற்காகச் சரிசெய்து வைத்த டிரிம், முழு இன்ஜின் சக்தி, பெரிய ஃபிளாப், மூன்றும் சேர்ந்து மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கும். இரண்டு கையாலும் முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு பலமாக. தள்ளாவிட்டால் சில நொடியில் வேகம் காலி.

சரி, மூக்கைப் பிடித்தாயிற்று. ஆனால் 30 டிகிரி ஃபிளாப்போடு விமானம் ஏறாது, ஏறினாலும் நத்தை வேகம். அதற்காக ஒரே தள்ளில் 0-வுக்குக் கொண்டுபோனால் மேலே சொன்ன பள்ளத்தில் விழ வேண்டியதுதான். கையேடு இதற்குப் படிப்படியாக வழி சொல்கிறது. முழு சக்தி கொடுத்ததும் உடனே 20-க்கு. அந்த முதல் பத்து டிகிரி பெரும்பாலும் இழுவைதான், அதை இழப்பதில் நஷ்டம் கம்மி. 60 நாட்டில் ஏறிக்கொண்டே 10-க்கு. தடைகளைத் தாண்டி, பாதுகாப்பான உயரமும் 65 நாட் வேகமும் வந்த பிறகுதான் 0.

பயிற்சிப் பள்ளிகளில் இறங்கி, நிற்காமல் ஓடி, அப்படியே மறுபடி கிளம்பும் 'டச் அண்ட் கோ' நாள் முழுக்க நடக்கும். சேலம் விமான நிலையம், பயிற்சிப் பள்ளிகளுக்காக விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் மாணவர் அந்தக் கைப்பிடியைத் தொடுகிறார். தனியாகப் பறக்கும் முதல் நாளில், பக்கத்து சீட் காலியாக இருக்கும்போது, ஃபிளாப்பை மடக்க மறந்து 30 டிகிரியோடு கிளம்பிவிட்டால், 'ஏன் இன்னைக்கு ஏற மாட்டேங்குது?' என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் ஓடுபாதை முடிந்திருக்கும்.

கத்திரி வெயிலில் திருக்கடையூர் ஒரு மலை

விமானவியலில் கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்ற அளவைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். டெல்டாவில் 15 டிகிரி என்றைக்கு இருந்தது? காற்று சூடானால் அடர்த்தி குறையும். இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் மூன்றுக்கும் தீனி குறையும். விமானிகள் இதற்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் 120 அடி உயரத்தைச் சேர்த்துக்கொள்.

கடற்கரையை ஒட்டிய திருக்கடையூரில் அக்னி நட்சத்திரத்தின்போது 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 23 டிகிரி அதிகம். 23-ஐ 120-ஆல் பெருக்கினால் 2,760 அடி. கடல் மட்டத்தில் இருக்கும் ஊர், விமானத்தின் கண்ணுக்கு 840 மீட்டர் உயர மலை, ஏற்காட்டில் பாதிக்கும் மேலே. ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் கூட்டும். சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கும் சேலம் ஓடுபாதையில் அதே 38 டிகிரி என்றால் கணக்கு 4,000 அடிக்குப் போய்விடும்.

குளிர்கால விடியற்காலையில் 10 டிகிரி ஃபிளாப்போடு அனாயாசமாக ஏறிய அதே விமானம், மே மாத மத்தியானம், டேங்க் நிறைய எரிபொருளும் மூன்று பெரியவர்களும் இருக்கும்போது, அந்த இழுவையை உதறித் தள்ள முடியாமல் தவழும். அப்போது மடக்க வேண்டும் என்ற அவசரமும் கூடும், மடக்குவதற்குத் தேவையான வேகம் வர நேரமும் கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. பயிற்சிப் பறத்தலை காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஜின் நின்றுவிட்டால்?

ஏறும்போது இன்ஜின் நின்றால், முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. மூக்கு மேலே பார்த்திருக்கும், வேகம் குறைவு, ஃபிளாப் வேறு இழுக்கிறது. சில நொடி தயங்கினாலும் ஸ்டால் வாசலில் நிற்கும். கையேட்டின்படி ஃபிளாப் இல்லையென்றால் 70 நாட், இருந்தால் 65 நாட் வேகத்தில் சறுக்கிக்கொண்டு, ஏறக்குறைய நேர் எதிரே கிடைக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கிளம்பிய ஓடுபாதைக்கே திரும்பலாம் என்று தாழ்வான உயரத்தில் திரும்பி உயிரிழந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இடம் உறுதியான பிறகு ஃபிளாப் மறுபடி நண்பனாகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 40 நாட்டில் தரையைத் தொடுவதைவிட 48 நாட்டில் தொட்டால், வேக வித்தியாசம் எட்டுதான், ஆனால் ஆற்றல் 44 சதவீதம் அதிகம். சீட் பெல்ட்டும் எலும்பும் தாங்க வேண்டியது அந்த 44 சதவீதத்தை.

அம்மாசத்திரத்தில் ரோடு கிடைத்தது. நவம்பரில் இதே கோளாறு திருக்கடையூர் பக்கம் வந்திருந்தால்? மேலே இருந்து பார்க்க பச்சைக் கம்பளம் மாதிரி சமதளமாகத் தெரியும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் நிற்கும் சம்பா வயல். முன் சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். வரப்புகள் வேறு. அங்கே எவ்வளவு மெதுவாகத் தொடுகிறோம் என்பதுதான் எல்லாம்.

பெரிய விமானங்களையும் விடவில்லை

1972 ஜூன் 18, லண்டன் அருகே ஸ்டெயின்ஸ். கிளம்பி மேலேறிக்கொண்டிருந்த டிரைடன்ட் விமானத்தில், இறக்கையின் முன் விளிம்பில் ஃபிளாப் போலவே வேலை செய்யும் பகுதி, தேவையான வேகம் வருவதற்கு முன்பே மடக்கப்பட்டது. 118 பேரும் இறந்தார்கள். 1987 ஆகஸ்ட் 16, அமெரிக்காவின் டெட்ராய்ட்: ஃபிளாப் இறக்காமலேயே டேக்-ஆஃப், 156 பேர் பலி, விமானத்தில் பிழைத்தது ஒரே ஒரு குழந்தை. 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட்: அதே தவறு, எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை, 154 பேர். அகமதாபாத் வீடியோவைப் பார்த்து சந்தேகப்பட்டவர்கள் மனதில் இருந்தது இந்த வரலாறுதான்.

கைப்பிடி மாறிப்போவதும் கற்பனை இல்லை. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் போக்ராவில் இறங்க வந்த ஏடிஆர் 72 விமானத்தில், ஃபிளாப் கைப்பிடிக்குப் பதிலாக புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகள் நகர்த்தப்பட்டன. இரண்டு புரொப்பெல்லரும் உந்துவதை நிறுத்திவிட்டன. ஐந்து இந்தியர்கள் உட்பட 72 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போதே அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் ஃபிளாப்புக்குப் பதிலாக சக்கரத்தை மடக்கும் தவறு அடிக்கடி நடந்தது. உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் அதற்கு எளிமையான வழி கண்டுபிடித்தார்: சக்கரக் கைப்பிடி முனையில் ஒரு குட்டிச் சக்கரம், ஃபிளாப் கைப்பிடி முனையில் ஆப்பு வடிவம். இருட்டில் தடவினாலும் தெரியும்.

செஸ்னா நிறுவனமும் ஒரு கட்டத்தில் மாற்றம் செய்ய வேண்டி வந்தது. பழைய 172-களில் ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும். செங்குத்தாக இறங்க அருமையானது, ஆனால் அந்த 40-ஓடு கோ-அரவுண்ட் போக வேண்டி வந்தால் இன்ஜின் திணறும். 1981-ல் வந்த 'பி' ரகத்தில் விமானத்தின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டினார்கள், ஃபிளாப்பை 30-ஓடு நிறுத்தினார்கள். 172 என்ற பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் விமானம் ஒன்றல்ல. எனவே பழைய விமானம் ஒன்றில் முதல் தடவை ஏறும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் கடைசி எண்ணை: 30-ஆ, 40-ஆ?